பன்னிரண்டாம் தேதி வரை

சென்னைத் தரமணியில் டைடல் பார்க்கை 2000ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தபோது, அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் ஜன்மம் சாபல்யமாகிவிடும் என்று நம்பிய பட்டதாரிகளுள் நானும் ஒருவன். அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தை அவ்வருஷம் மார்ச் மாதத்திலேயே உச்சியைத் தொட்டுவிட்டுச் சரியத் தொடங்கியிருந்தது என்பதோ, ஒய்.டூ.கே. கோளாற்றைச் சரிசெய்வதற்காக அந்நாட்டுக் கம்பெனிகள் கொட்டிய பணம் வற்றிக்கொண்டிருந்தது என்பதோ எங்களில் யாருக்கும் புலப்படவில்லை. எனக்கு நாற்காலி கிடைத்ததென்னவோ டைடல் பார்க்கில் அல்ல. அதற்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடிப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் ஆணியும் பெயின்ட்டும் விற்கும் ஹார்டுவேர்க் கடை, மேல்தளத்தில் சாப்ட்வேர்க் கடை என்று ஊழியர்களே பரிகாசம் செய்துகொள்ளும்படியான ஒரு கட்டடத்தில்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்பது ஒரே உத்தியோகம். உள்ளே போனவர்களுக்குத்தான் அதற்குள் எத்தனை அந்தஸ்துப் படிகள் உண்டு என்பது விளங்கும். பாங்குகளின் மெயின்பிரேம் இயந்திரங்களுக்குக் கோபால் என்ற மொழியில் எழுதியவர்கள் தங்களைக் குலமுதல்வர்களாகப் பாவித்துக்கொண்டார்கள். சி பிளஸ் பிளஸ் எழுதியவர்களுக்கோ மற்றவர்கள் செய்வதெல்லாம் வெறும் டைப்பிஸ்ட் வேலை என்ற திடமான அபிப்பிராயம். ஜாவாக்காரர்கள் எதிர்காலத்தையே தங்கள் பெயருக்குப் பட்டாப் போட்டுவிட்டவர்கள். இவர்கள் எல்லாருக்கும் கீழே, வாசற்படியில், வெப் பக்கங்கள் எழுதும் நாங்கள். எங்களைப் புரோகிராமர் என்று அழைக்கலாமா என்பதே அக்காலத்தில் விவாதத்துக்குரிய விஷயமாக இருந்தது.

இந்த உதாசீனத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மைக்ரோசாப்ட் 1996இல் வெளியிட்ட ஏ.எஸ்.பி. என்ற முறையில்தான் எங்கள் ஜீவனம் நடந்தது. அதில் ஒரே கோப்புக்குள், திரையை வரைவதற்கு எச்.டி.எம்.எல்., அதன் நடுவே கணக்குப் போடுவதற்கு வி.பி.ஸ்கிரிப்ட், அதற்கும் நடுவே டேட்டாபேஸைக் கேட்பதற்கு எஸ்.கியூ.எல். என்று மூன்று பாஷைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பக்கத்தில் இரண்டு படங்களுக்கு இடையே சிறிது இடைவெளி வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம் ஒன்றை வைத்து அதை வேண்டிய அகலத்துக்கு இழுப்போம். நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பில் ஒழுங்காகத் தெரிந்தது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் குலைந்துபோகும். இதைச் சரிசெய்தால் அது கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அநேகமாக ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற ஒரு வரி வீற்றிருக்கும். எந்தப் பிழை நேர்ந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குப் போ என்று கம்ப்யூட்டருக்கு இடும் ஆக்ஞை அது. பிழையைத் திருத்துவதைவிடப் பிழைச்செய்தி வராமல் தடுப்பது சுலபம் என்பதைக் கண்டுகொண்ட புண்ணியவான் யாரோ, அவனுடைய வழித்தோன்றல்கள் உலகமெங்கும் இருந்தார்கள்.

எங்களுக்கு வாய்த்த கிளையன்ட், அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் அறுவடை இயந்திரங்களுக்கும் டிராக்டர்களுக்கும் உதிரி பாகங்கள் விநியோகிக்கும் ஒரு கம்பெனி. ஊர்தோறும் இருக்கும் டீலர்கள் போன் செய்வதற்குப் பதிலாக வெப் பக்கத்தில் ஆர்டர் போடவேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதை ஆதியில் எழுதியவர்கள் அமெரிக்கர்களே. எங்கள் கைக்கு வந்த கோப்புகளைத் திறந்தால் 'ஆர்டர்', 'ஆர்டர் நியூ', 'ஆர்டர் நியூ டூ', 'ஆர்டர் பைனல்' என்று வரிசையாக நின்றன. இவற்றுள் எதற்கு உயிர் இருக்கிறது, எது பிரேதம் என்று கண்டுபிடிப்பதே எங்கள் முதல் உத்தியோகமாயிற்று. இந்தியர்கள் எழுதும் கோட் மட்டம் என்று பிற்பாடு காதில் விழுந்தபோதெல்லாம் எனக்கு அந்த 'ஆர்டர் பைனல்' ஞாபகம் வரும். அதன் ஜனன ரகசியமும் நாளடைவில் விளங்கிவிட்டது. விஷுவல் சோர்ஸ்சேஃப் என்ற பெட்டகத்தில் கோப்புகளை வைத்திருந்தோம். ஒருவர் எடுத்த கோப்பை அவர் திருப்பி வைக்கும்வரை இன்னொருவர் திருத்த முடியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் ஆர்டர் பக்கத்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால், மற்றவர்கள் அதற்கு ஒரு பிரதி எடுத்து வேறு பெயரிட்டு வேலையைத் தொடரவேண்டியதுதான். இல்லினாய்க்காரர்களுக்குத் தீபாவளி இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸ் உண்டல்லவா?

வேலையின் ஏற்பாட்டைச் சற்று விவரித்தால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். கிளையன்ட் எங்களுக்குக் கொடுத்தது மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஆகவே எங்கள் மணிகளை எல்லாம் டைம்ஷீட் என்ற பட்டியலில் நிரப்பவேண்டும். கோடிங்குக்கு ஒரு வரிசை, டெஸ்டிங்குக்கு ஒரு வரிசை, செய்ததையே திரும்பச் செய்யும் ரீவொர்க்குக்கு ஒன்று, மீட்டிங்குக்கு ஒன்று, வேலையின்றி உட்கார்ந்திருந்தால் அதற்குங்கூட ஒன்று. செய்யப்போகும் வேலை எதற்காக, யாருக்காக என்று விசாரித்து அறிந்துகொள்வதற்கு மட்டும் வரிசை கிடையாது. அந்த விசாரணை எல்லாம் ஆன்சைட் கோஆர்டினேட்டர் என்ற பெயரில் இல்லினாயில் உட்கார்ந்திருந்த எங்கள் கம்பெனி மனிதர் ஒருவரின் பாத்யதை என்பது ஏற்பாடு. அவரோ கிளையன்ட்டின் மானேஜர்களிடம் நல்ல பெயர் எடுப்பதில் சிரத்தை உடையவர். கேள்வி கேட்பது அறியாமையின் அடையாளமாகத் தோன்றிவிடும் என்ற பயம் அவருக்கு. ஆகவே அவரிடமிருந்து வருவது ஸ்பெக் என்ற ஆவணம் ஒன்றே. அதில் உள்ளதைச் செய்வோம், இல்லாததைச் செய்யமாட்டோம்.

இதற்குத் துணையாக, இந்திய நேரப்படி ராத்திரி எட்டு மணிக்கு வாரத்தில் சில நாள் டெலிபோன் சம்பாஷணை. அங்கே கோடையானால் காலை ஒன்பதரை, குளிர்காலமானால் எட்டரை. மேஜை நடுவில் ஸ்பீக்கர்போன்; சுற்றிலும் பசித்த வயிற்றோடு நாங்கள். அந்தக் கருவியில் எங்களுக்கு மிகவும் பிரியமான அங்கம் மியூட் பொத்தான். கிளையன்ட் ஏதாவது கேட்டதும் மானேஜர் அதை அழுத்துவார். "முடியுமாப்பா?" என்பார். "வெள்ளிக்கிழமைக்குள்ளயா? சான்ஸே இல்ல சார்" என்று நாலு குரல் எழும். "பார்த்துக்கலாம்" என்று சொல்லிப் பொத்தானை விடுவித்து, "யெஸ், ஷுவர்" என்பார். இந்த 'யெஸ்' பொய் என்று கிளையன்ட்டின் ஆட்கள் நினைத்தார்கள். அடிமைப் புத்தி என்று எங்களிலேயே சிலர் சொன்னார்கள். என் அபிப்பிராயத்தில் அது இரண்டும் அல்ல. முடியாது என்று சொல்லும் கம்பெனியை விட்டு முடியும் என்று சொல்லும் கம்பெனிக்குப் போய்விடுவதற்குக் கிளையன்ட்டுக்கு ஒரு மெயில் போதும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் குழுவில் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். விவசாயக் குடும்பம். தேதி என்றால் அவருக்கு அது காலண்டர் விவகாரம் அல்ல. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்பதில் வீட்டின் ஒரு வருஷ ஜாதகமே அடங்கியிருந்தது, 2002, 2003 இரண்டு வருஷங்களிலும் அன்று திறக்கவில்லை. டீலர்கள் ஆர்டர் போடும் பக்கத்தில் 'இந்தத் தேதிக்குள் வேண்டும்' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்க்கவேண்டும் என்று 2003 ஆகஸ்டில் ஸ்பெக் வந்தபோது, அவர் ஒருவர்தாம் கேட்டார்:

"அண்ணா, அந்தத் தேதிக்குள்ள சாமான் வரலன்னா டீலர் என்ன பண்ணுவாரு? எங்கூர்ல அறுப்பு மெஷின் பெல்ட்டு அறுந்தா ராத்திரியோட ராத்திரியா தஞ்சாவூருக்கு ஆள் ஓடும். இவங்க ஆர்டர் போடற பேப்பர் ஒண்ணு கெடைச்சாப் பாக்கலாம்ணா."

எனக்கு நியாயமாகப் பட்டது. மானேஜரிடம் போனோம். அவர் கெட்டவர் அல்லர். "தம்பி, அதெல்லாம் நம்ம ஸ்கோப்ல இல்லப்பா. எதுல பில் பண்ணுவ? குடுத்ததைப் பண்ணு" என்றார். டைம்ஷீட்டில் அந்தக் கேள்விக்கு வரிசை இல்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

அந்தக் கட்டத்தை எழுதும் பொறுப்பு வேறோர் இளைஞருக்குப் போயிற்று. நாள், மாதம், வருஷம் என்று மூன்று கீழிறங்கு பட்டியல்கள் வைத்தார். மூன்றையும் நம் வழக்கப்படி நாள் முதலாகக் கோத்து, அதைத் தேதியாக மாற்றும் 'சிடேட்' என்ற வி.பி.ஸ்கிரிப்ட் சாதனத்திடம் கொடுத்தார். எங்கள் கம்ப்யூட்டர்கள் இந்திய வழக்குக்கு அமைக்கப்பட்டவை. ஆகையால் பெருங்குடியில் எல்லாத் தேதியும் சரியாக இருந்தது. அமெரிக்க சர்வரோ மாதத்தை முதலில் வைத்துப் படிப்பது. அப்படியானால் அங்கே எல்லாத் தேதியும் தவறாக அல்லவா இருந்திருக்கவேண்டும், அன்றைக்கே பிடிபட்டிருக்கவேண்டுமே என்று வாசகர் கேட்கலாம். அங்கேதான் 'சிடேட்' உடைய தாராள குணம் குறுக்கிட்டது. 25/08 என்று கொடுத்தால், இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லையே, ஆகவே இவன் நாளைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்று அது தானாகவே ஊகித்துச் சரியாக எடுத்துக்கொள்ளும். ஒரு முறைப்பாடும் செய்யாது. கிளையன்ட் சோதித்துப் பார்த்தது ஆகஸ்ட் மாதக் கடைசியில், அம்மாதக் கடைசித் தேதிகளைக் கொண்டே. எல்லாம் பிரமாதம் என்று மெயில் வந்தது.

செப்டம்பர் பிறந்தது. மாதத்தின் முதல் பன்னிரண்டு தேதிகள் மட்டும் தலைகீழாயின. செப்டம்பர் 4 என்று டீலர் கேட்டது ஏப்ரல் 9 என்று பதிவாயிற்று. கடந்துபோன தேதிகளைக் கிடங்கின் பட்டியல் காட்டாதாகையால் அந்த ஆர்டர்கள் யார் கண்ணிலும் படாமல் மறைந்தன. செப்டம்பர் 11 என்றது நவம்பர் 9 ஆகி, இரண்டு மாத அவகாசம் இருப்பதாகக் கிடங்குக்காரர்களை நிம்மதியாக உட்காரவைத்தது. செப்டம்பர் 9 மட்டும், எப்படிப் படித்தாலும் ஒன்றுதானே, சரியாகப் போய்ச் சேர்ந்து, பிழையைத் தேடியவர்களை மேலும் குழப்பிற்று. பதின்மூன்றாம் தேதி முதல் எல்லாம் தாமே சொஸ்தமாகிவிட்டன. செப்டம்பரோ இல்லினாயில் சோளக் கதிர் அறுப்பு தொடங்கும் பருவம்; இயந்திரம் வயலில் நிற்க, பாகம் வராமல் விவசாயி டீலரைத் திட்ட, டீலர் கம்பெனியைத் திட்ட, கம்பெனி எங்களைத் திட்டிற்று.

திருத்தம் ஒரே வரி. வருஷம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனியே வாங்கி ஐயத்துக்கு இடமில்லாமல் தேதி செய்யும் 'டேட்சீரியல்' என்ற சாதனம் அந்த மொழியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரிக்கு முன்னே நடந்த தர்க்கம்தான் என் நினைவில் அதிகமாக நிற்கிறது. இது பக்கா, சேஞ்ச் ரிக்வெஸ்ட்டா? பக் என்றால் இலவசமாகத் திருத்திக் கொடுக்கவேண்டும். சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்றால் பணம் உண்டு. தேதியை எந்த வரிசையில் படிக்கவேண்டும் என்று ஸ்பெக்கில் இல்லை, எங்கள் இடத்தில் சரியாக ஓடுகிறது என்பது எங்கள் மானேஜரின் வாதம். அமெரிக்காவில் தேதியை அமெரிக்க வழக்கப்படி எழுதவேண்டும் என்பதையுமா எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆவணத்தின்படி நாங்கள் ஜெயித்திருக்கலாம். அந்த ஜெயத்தால் ஒரு பெல்ட்டும் வயலுக்குப் போய்ச் சேர்ந்திராது.

மெயில்களுள் ஒன்று முழுவதும் கொட்டை எழுத்தில் வந்தது. அதை எழுதியவர் கிளையன்ட் கம்பெனியில் எஞ்சியிருந்த ஒரே பழைய புரோகிராமர். அவரோடு வேலை பார்த்தவர்களை அனுப்பிவிட்டு, அவர்களுடைய வேலையை எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி அவரை வைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் அப்போது இது நாடறிந்த மனக்கசப்பு: வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்-1பி விசாவின் உச்சவரம்பு 1,95,000 ஆக இருந்தது, 2003 செப்டம்பரோடு அந்தக் கெடு முடிந்து 65,000க்கு இறங்கிற்று, அடுத்த வருஷம் ஜனாதிபதித் தேர்தலில் அவுட்சோர்ஸிங் ஒரு பிரசாரப் பொருளாயிற்று. எங்கள் அறையில் அந்த மெயிலைப் படித்தவர்கள் அவரைத் துவேஷி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் கூட்டாளிகளின் நாற்காலியைப் பறித்தவன் என்று ஒருவர் நினைக்கும் இடத்தில் நான் இருந்தேன். அவர் எழுதியதில் கோபத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது முழுவதும் சரியாகவும் இருந்தது.

கிளையன்ட்டின் மேலதிகாரிகள் கண்ட பரிகாரம் வேறு: பிழை மலிந்துவிட்டது, வேலை தாமதமாகிறது, ஆகவே இன்னும் ஆள் போடுங்கள். எங்கள் கம்பெனிக்குத் தலைக்கு மணிக்கூலி ஆதலால், இதைவிட இனிமையான ஆலோசனை இருந்திருக்க முடியாது. தாமதமான சாப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஐ.பி.எம். கம்பெனியில் பிரம்மாண்டமான ஆபரேட்டிங் ஸிஸ்டம் ஒன்றைச் செய்வித்துப் பட்ட அனுபவத்திலிருந்து ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே 'தி மிதிக்கல் மேன்-மன்த்' என்ற நூலில் எழுதிவிட்டார். அடுப்படியில் ஆள் கூடக் கூடச் சமையல் சீக்கிரம் முடியாது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயந்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 'ஆர்டர் பைனல்' எது என்று காட்டிக்கொடுப்பதிலேயே எங்கள் பொழுது போயிற்று.

விமோசனம் சட்டவிரோதமாக வந்தது. மன்னார்குடித் தம்பி, கோஆர்டினேட்டரைத் தாண்டி, யாஹூ மெசஞ்சரில் அந்தப் பழைய புரோகிராமரோடு நேரே பேச ஆரம்பித்துவிட்டார். முதலில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் பதில் வராது. தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் அறுப்பைப் பற்றியும், வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரங்கள் வயலில் பழுதாகி நிற்பதைப் பற்றியும் தம்பி ஒரு ராத்திரி எழுதியபின் அவருடைய சுபாவம் மாறிற்று. டீலரின் கடையில் ஆர்டர் போடுபவர் யார் என்பதை அவர் விஸ்தாரமாக வர்ணித்தார்: ஒரு தோளில் டெலிபோனை இடுக்கிக்கொண்டு, கிரீஸ் படிந்த கையோடு, எதிரே நிற்கும் விவசாயிக்குப் பதில் சொல்லிக்கொண்டே தட்டுபவர், மவுஸைத் தொடமாட்டார், டேப் பொத்தானை அழுத்திக் கட்டம் கட்டமாகப் போவார். மூன்று கீழிறங்கு பட்டியல்களும் அவருக்கு யமன். 9/4 என்று தட்ட ஒரு கட்டம் கொடுத்தால் போதும். இணைப்பு மந்தமாதலால் ஆர்டர் போயிற்றோ இல்லையோ என்று பொத்தானை இரண்டாம் முறையும் அழுத்துவார். ஒரே பாகம் இரண்டு வந்து சேரும்.

அதுவரை நாங்கள் 'இரட்டை ஆர்டர்' என்ற புகாரை டீலர்களின் அஜாக்கிரதை என்று மூடிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒருமுறை மட்டும் செல்லும் ஓர் எண்ணைக் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஏற்காமல் விட்டதும் அது நின்றது. ஓ'பிரையன், ஓ'கானர் என்ற பெயருள்ள டீலர்கள் சேர முயன்றால் பக்கம் ஏன் உடைகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெயரில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறி, எஸ்.கியூ.எல். வாக்கியத்துக்குள் பெயரை அந்த இடத்திலேயே முடித்து, வாக்கியத்தைக் குலைத்துவிடும். நாங்கள் சோதனைக்குக் கொடுத்த பெயர்கள் ரஜினி, கமல், டெஸ்ட் ஒன், டெஸ்ட் டூ; இவற்றில் அந்தக் குறிக்கு இடமேது? பெயர் உடைத்த அதே ஓட்டை வழியாக வேண்டாதவர்கள் டேட்டாபேஸுக்குள் புகவும் கூடும் என்பதால், வாக்கியத்தையும் அதில் போகும் மதிப்பையும் பிரித்து அனுப்பும் முறைக்கு எல்லாப் பக்கங்களையும் மாற்றினோம். இவ்வளவும் டைம்ஷீட்டில் 'ரீவொர்க்' என்ற வரிசையில் ஏறின. பிற்பாடு, 2005 மே மாதத்தில் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் என்ற ஒன்றை வெளியிட்டது; பக்கத்தில் உள்ள இணைப்புகளை எல்லாம் நாம் அழுத்துவதற்கு முன்பே அது போய்த் தொட்டுப் பார்த்துவரும். 'அழி' என்பதையும் சாதாரண இணைப்பாக எழுதியிருந்த தளங்களில் சரக்குகள் தாமே அழிந்தன. எங்கள் நிர்வாகப் பக்கத்திலும் அப்படிப்பட்ட 'அழி' வரிசையாக நின்றன. செய்தியைப் படித்த அன்றே அவற்றைப் படிவப் பொத்தான்களாக மாற்றச் சொல்லி மெசஞ்சரில் முதலில் எழுதியவர் அந்தப் பழைய புரோகிராமர்தாம்.

மறு வருஷம் கான்ட்ராக்ட் எங்களைவிட மணிக்குச் சில டாலர் குறைத்துக் கேட்ட இன்னொரு கம்பெனிக்குப் போயிற்று. எங்கள் வேலையை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முறை இப்போது எங்களுடையது. அதற்கு டைம்ஷீட்டில் வரிசை இருந்தது. கொடுக்கவேண்டிய ஆவணங்களுக்கு மாதிரிப் படிவங்கள் இருந்தன. தம்பி அவற்றுக்கு வெளியே, டீலரின் கடைக்காரர் எப்படி வேலை செய்கிறார் என்று இரண்டு பக்கம் தனியாக எழுதிச் சேர்த்தார். படிவத்தில் இல்லாததை எடுத்துவிடும்படி மானேஜர் சொன்னார். எடுத்துவிட்டு, அதை அப்படியே ஆர்டர் பக்கத்துக் கோட்டின் தலையில் குறிப்பாகப் போட்டுவிட்டார் தம்பி. இல்லினாய்க்காரர் அதைப் படித்துவிட்டு அன்றிரவே மெசஞ்சரில் வந்தார். இரண்டு இடத்தில் ஸ்பெல்லிங் தப்பு, செப்டம்பரில் முதலில் தீர்ந்துபோவது பேரிங் அல்ல, பெல்ட், அதையும் திருத்து என்றார். தம்பி திருத்தினார்.